குளத்து நீர் எங்கே போகிறது?

நீச்சல் குளம் என்றதும் நட்சத்திர விடுதிகளும் கேளிக்கை மன்றங்களும் நினைவுக்கு வந்த காலம் ஒன்றிருந்தது. இன்று பெங்களூரு, புணே, ஐதராபாத் போன்ற நகரங்களின் புறப்பகுதிகளில் எழும் தனி வீடுகளின் வரைபடங்களில் குளம் இயல்பாக இடம்பெறுகிறது. வீட்டுக் கடன் விண்ணப்பத்தோடு எங்கள் மேசைக்கு வரும் மதிப்பீட்டுப் பட்டியலில் ‘குளம், ஸ்பா, வடிகட்டி அறை’ என்றொரு வரி இருந்தால் நாங்கள் இப்போது வியப்பதில்லை. கட்டி முடித்து இரண்டு மூன்று ஆண்டுகள் சென்றபின், அதே வீட்டிலிருந்து இன்னொரு விண்ணப்பம் வருவதும் உண்டு. குளத்தில் நீர் நிற்கவில்லை. தளத்தை உடைத்து மறுபடி ஓடு பதிக்க வேண்டும். அதற்குச் சீரமைப்புக் கடன் வேண்டும்.

அப்போது நாங்கள் முதலில் கேட்பது, ‘கசிவு எந்த இடத்தில் என்று தெரிந்துவிட்டதா?’ என்பதே. பெரும்பாலும் தெரிந்திருக்காது. நீர் குறைகிறது என்பது மட்டும் தெரியும். அது கசிந்து குறைகிறதா, ஆவியாகிக் குறைகிறதா என்பதுகூட உறுதியாக இராது. கணக்கில் தொகை இடித்தால் எந்தப் பதிவில் இடிக்கிறது என்று தேடுவோமே அல்லாது, பேரேட்டையே கிழித்துவிட்டுப் புதிதாக எழுதுவோர் இல்லை. குளத்தின் விஷயத்தில் மட்டும் அது சர்வசாதாரணமாக நடக்கிறது. எங்களுள் பலர் வணிகவியல் படித்தவர்கள்; பொறியியல் எங்கள் துறையன்று. ஆயினும் கசிவைத் தேடும் வேலையில் முக்கால் பங்கு கணக்கு பார்க்கும் வேலைதான் என்பதை அனுபவத்தில் கண்டிருக்கிறோம்.

அந்தக் கணக்கின் அடிப்படை மிக எளியது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் நீர் என்றால் அது சரியாக ஒரு லிட்டர். எட்டு மீட்டர் நீளமும் நான்கு மீட்டர் அகலமும் உள்ள குளத்தின் பரப்பு 32 சதுர மீட்டர். அதில் நீர்மட்டம் ஒரு மில்லிமீட்டர் இறங்கினால் 32 லிட்டர் போயிற்று என்று பொருள். ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் 320 லிட்டர். விரற்கடை அளவுகூட இல்லாத இறக்கத்தில் இத்தனை நீர் அடங்கியிருப்பதால்தான், கண்ணால் பார்த்துச் சொல்லும் கணிப்புகள் எல்லாம் தவறிப் போகின்றன.

வெயில் குடிக்கும் நீரும் சிறிதன்று. நம் நாட்டின் கோடையில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து நாளொன்றுக்கு 5 முதல் 8 மில்லிமீட்டர் வரை ஆவியாவது இயல்பு. ராஜஸ்தானின் வறண்ட காற்றில் மே மாதத்தில் அது 10 மில்லிமீட்டரைக் கடந்துவிடும். காற்று வீசும் மேட்டு நிலத்தில் அதிகம், மரநிழலில் குறைவு. ஸ்பாவில் வெந்நீர் சுழன்றுகொண்டிருந்தால் இன்னும் அதிகம். ஆகையால், ‘என் குளத்தில் வாரத்துக்கு ஐந்து சென்டிமீட்டர் குறைகிறது’ என்று ஒருவர் சொன்னால், அவர் எந்த ஊரில், எந்த மாதத்தில் இருக்கிறார் என்று தெரியாமல் அதைக் கசிவு என்றோ கசிவில்லை என்றோ கூற இயலாது.

இதைத் தீர்த்து வைப்பது ஒரு பிளாஸ்டிக் வாளி. வாளியில் குளத்து நீரையே முகந்து, அசையாதிருக்க உள்ளே இரண்டு கற்களைப் போட்டு, குளத்தின் படிக்கட்டில் வைக்க வேண்டும். வாளியின் பெரும்பகுதி குளத்து நீருக்குள் மூழ்கியிருக்க வேண்டும்; விளிம்பு மட்டும் ஐந்து சென்டிமீட்டர் அளவுக்கு மேலே நிற்கட்டும். அப்போதுதான் இரண்டு நீரும் ஒரே வெப்பநிலையில் இருக்கும். வாளிக்குள் நீர்மட்டத்தை ஒரு கோடாகவும், குளத்தின் ஓட்டில் அதன் நீர்மட்டத்தை இன்னொரு கோடாகவும் பென்சிலால் குறித்துக்கொள்ள வேண்டும். 24 மணி நேரம் கழித்து, எஃகு அளவுகோலை வைத்து இரண்டு இறக்கங்களையும் மில்லிமீட்டரில் அளக்க வேண்டும். வாளியில் குறைந்தது வெயில் குடித்தது. குளத்தில் அதற்கு மேல் குறைந்தது கசிந்தது.

சோதனை நடக்கும் நாளில் யாரும் குளிக்கக் கூடாது. மழை பெய்தால் மறுபடி தொடங்க வேண்டும். இவற்றைவிட முக்கியமான ஒன்று உண்டு. பல வீடுகளில் குளத்துக்கு மிதவை வால்வு பொருத்தியிருப்பார்கள். நீர் குறைந்தால் அது தானே திறந்து நிரப்பிவிடும். வசதியான ஏற்பாடுதான். ஆனால் கசிவை ஆண்டுக்கணக்கில் வீட்டாரின் கண்ணிலிருந்து மறைப்பதும் அதுவே. அதை மூடாமல் அளந்தால் குளம் என்றும் நிறைகுளமாகவே காட்சியளிக்கும். இரண்டு கோடுகளுக்கும் உள்ள வேறுபாடு இரண்டு மில்லிமீட்டருக்குள் இருந்தால் அதை அளவைப் பிழை என்று கொண்டு, மறுநாளும் ஒருமுறை அளந்து பார்ப்பது நல்லது.

விளிம்பு வரை நீர் நிறைந்து சுற்றுக் கால்வாயில் வழியும் குளங்களில் சோதனை சற்றே மாறும். அங்கே பம்பு ஓடும்போது குளத்தின் மட்டம் இறங்குவதே இல்லை. குறைவதெல்லாம் வழிநீர் சேரும் பேலன்சிங் தொட்டியில்தான். எனவே பம்பை நிறுத்தி, கால்வாய் வடிவதற்கு ஒரு மணி நேரம் விட்டு, குளத்தையும் தொட்டியையும் தனித்தனியே அளக்க வேண்டும். இரண்டு சதுர மீட்டர் பரப்புள்ள தொட்டியில் பத்து மில்லிமீட்டர் என்பது 20 லிட்டர்தான் என்பதையும் மறந்துவிடலாகாது.

வாளிச் சோதனையை இருமுறை செய்வதில்தான் அதன் முழுப் பயன் இருக்கிறது. ஒருநாள் முழுவதும் பம்பு ஓடட்டும். மறுநாள் முழுவதும் அது நின்றிருக்கட்டும். ஓடும்போது கசிவு கூடினால், பம்புக்குப் பிறகு அழுத்தத்தில் இருக்கும் பகுதியைச் சந்தேகிக்க வேண்டும். வடிகட்டி, திரும்புநீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய் ஆகியவை அதில் அடங்கும். நின்றிருக்கும்போது கூடினால் பம்புக்கு முன்னுள்ள உறிஞ்சு குழாயைப் பார்க்க வேண்டும். அந்தக் குழாயில் ஓட்டை இருந்தால், பம்பு ஓடும் நேரத்தில் நீர் வெளியே போவதற்குப் பதிலாகக் காற்று உள்ளே வரும். திரும்புநீர் வாய்களில் குமிழிகள் கிளம்புவது அதற்கு அடையாளம். இரண்டு நாளும் ஒரே அளவு என்றால் குழாய்களின் மீது பழியில்லை. குளத்தின் உடம்பிலோ விளக்குக் குழியிலோ குறை இருக்கிறது.

இது ஒரு வீட்டில் எப்படிப் பயன்பட்டது என்பதைச் சொல்வது பொருத்தமாக இருக்கும். பெங்களூரின் கிழக்குப் புறநகரில் வசிக்கும் பணி ஓய்வு பெற்ற தம்பதியர், எங்களிடம் சீரமைப்புக் கடன் கேட்டு வந்தனர். குளமும் அதையொட்டிச் சற்று உயரத்தில் ஒரு ஸ்பாவும் உள்ள வீடு. இரண்டையும் உடைத்து நீர்த்தடுப்புப் பூச்சு பூசி மறுபடி ஓடு பதிக்க ஆறு லட்சத்துக்கு மேல் ஒப்பந்தக்காரர் மதிப்பீடு கொடுத்திருந்தார். அது 2024ஆம் ஆண்டுக் கோடை. அந்த மார்ச்சில்தான் பெங்களூரு குடிநீர் வாரியம் நீச்சல் குளங்களுக்குக் குடிநீரைப் பயன்படுத்தத் தடை விதித்து, மீறினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்திருந்தது. குளம் வற்றிவிடுமோ என்பதைவிட, அக்கம்பக்கத்தார் லாரி லாரியாகத் தண்ணீர் வாங்கும்போது தம் வீட்டுக் குளம் நீரை விழுங்குகிறதே என்பதுதான் அவர்களுக்குப் பெரிய உறுத்தலாக இருந்தது.

மதிப்பீட்டைச் சரிபார்க்கச் சென்ற எங்கள் பட்டியல் பொறியாளர், “அம்மா, கடப்பாரைக்கு முன்னால் ஒரு வாளி கொண்டு வாருங்கள்” என்றாராம். அவர் முதலில் கையில் எடுத்தது ஸ்பாவை. இரவில் பம்பு நின்றதும் ஸ்பாவில் எட்டு சென்டிமீட்டர் குறைந்துவிடுகிறது என்பது வீட்டாரின் புகார். நான்கு சதுர மீட்டர் பரப்பில் எட்டு சென்டிமீட்டர் என்றால் 320 லிட்டர். அதே இரவில் 32 சதுர மீட்டர்க் குளத்தின் மட்டம் பத்து மில்லிமீட்டர் அளவுக்கு உயர்ந்திருந்தது. அதுவும் 320 லிட்டர்! ஒரு பக்கத்துப் பற்றும் மறு பக்கத்து வரவும் ஒத்துப்போயின. ஸ்பாவில் கசிவே இல்லை. நீரை ஒருவழியாக மட்டும் விடவேண்டிய என்.ஆர்.வி. வால்வு பழுதாகி, மேலிருந்த நீர் கீழே குளத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. மதிப்பீட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அத்தோடு நீங்கியது.

ஸ்பாவின் வால்வுகளை அடைத்துவிட்டுக் குளத்தை அளந்தார்கள். பம்பு ஓடிய நாளில் வாளியில் 5 மில்லிமீட்டரும் குளத்தில் 17 மில்லிமீட்டரும் இறங்கின. கசிவு 12 மில்லிமீட்டர், அதாவது 384 லிட்டர். பம்பு நின்ற நாளில் வாளியில் 5, குளத்தில் 9. கசிவு 4 மில்லிமீட்டர், 128 லிட்டர். ஆக, கசிவு ஒன்றல்ல, இரண்டு. பம்பு ஓடும்போது மட்டும் கசிவது ஒன்று. எப்போதும் கசிவது மற்றொன்று.

முதலாவதைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. மணல் வடிகட்டியின் தலையில் மல்டிபோர்ட் வால்வு என்றொரு கைப்பிடி இருக்கும். வடிகட்டவும், மணலைக் கழுவி அழுக்கு நீரை வெளியேற்றவும் அதைத் திருப்புவார்கள். அதனுள்ளே சக்கரத்தின் ஆரங்களைப் போன்ற வடிவில் ஒரு ரப்பர் கேஸ்கெட் உண்டு. அது தேய்ந்துவிட்டால், வடிகட்டும் நிலையிலும் சிறிது நீர் கழிவுக் குழாய்க்குப் போய்க்கொண்டே இருக்கும். இந்த வீட்டில் கழிவுக் குழாயின் முனை தோட்டத்துச் செடிகளின் மறைவில் வடிகாலுக்குள் முடிந்தது. செடிகளை விலக்கிப் பார்த்தால், நிமிடத்துக்கு ஒரு தம்ளர் வீதம் நூல்போல நீர் ஒழுகிக்கொண்டிருந்தது. பம்பை நிறுத்தாமல் கைப்பிடியைத் திருப்பும் பழக்கம் இந்தக் கேஸ்கெட்டுக்கு எமன். குளத்தைப் பராமரிக்க வரும் பணியாளர்களிடம் இதை ஒருமுறையாவது சொல்லி வைப்பது நல்லது.

இரண்டாவது கசிவு பொறுமையைக் கேட்டது. பம்பைச் சில மணி நேரம் நிறுத்தி, நீர் அசையாது நின்றபின், ஊசி நீக்கிய சிரிஞ்சில் சமையலுக்குப் பயன்படும் அடர்நிறச் சாயத்தை நிரப்பி, சந்தேகமான இடங்களுக்கு அருகே மெல்ல விட வேண்டும். கசிவு இருக்குமிடத்தில் சாயம் புகைபோல் கலையாமல், கோடாக உள்ளே இழுக்கப்படும். பார்க்க வேண்டிய இடங்கள் பல அல்ல. சிமெண்டும் பிளாஸ்டிக்கும் சந்திக்கும் ஸ்கிம்மர் வாய், திரும்புநீர் வாய்களின் சுற்று விளிம்பு, ஓடுகளின் இடையே தெரியும் விரிசல், ஸ்பாவிலிருந்து நீர் வழிந்து விழும் உதடு, நீருக்குள் இருக்கும் விளக்கு. எங்கள் பொறியாளர் சொல்வதை நம்பினால், தேடலை விளக்கிலிருந்து தொடங்குவதே நேரத்தை மிச்சப்படுத்தும். விளக்கின் பின்னாலுள்ள குழியில் எப்போதும் நீர் நிற்கும். அங்கிருந்து மின்கம்பி செல்லும் கான்டூயிட் குழாயின் வாயைச் சரியாக அடைக்காது விட்டால், அந்தக் குழாயே ஒரு வடிகால் ஆகிவிடும். இங்கும் அதுவே நடந்திருந்தது. நீருக்குள்ளேயே இறுகும் எபாக்சி பசையால் குழாயின் வாயை அடைத்தார்கள்.

ஓர் எச்சரிக்கை: விளக்கின் அருகே கை வைப்பதற்கு முன் அதற்குரிய மின்னிணைப்பை வீட்டின் மின்பலகையிலேயே துண்டித்துவிட வேண்டும். விளக்கைக் கழற்றும் வேலை மின்பணியாளருக்கு உரியது. 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. குளத்தின் மின்சுற்றில் இருக்கிறதா என்பதையும் அப்போதே கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

பம்பு அந்த வீட்டில் நாளுக்கு எட்டு மணி நேரமே ஓடும். அந்தக் கணக்கில் உண்மையான இழப்பு நாளுக்கு ஏறத்தாழ 213 லிட்டர். மாதத்துக்குச் சுமார் 6,400 லிட்டர். அந்த மார்ச்சில் பெங்களூரு நகர மாவட்ட நிர்வாகம் நிர்ணயித்த விலைப்படி, ஐந்து கிலோமீட்டருக்குள் 6,000 லிட்டர் லாரித் தண்ணீருக்கு வரி நீங்கலாக 600 ரூபாய். அப்படியானால் கசிவின் விலை மாதம் 600 ரூபாய் சொச்சம். அதைத் தீர்க்கக் கேட்கப்பட்ட விலை ஆறு லட்சம். உடைத்துப் பூசியிருந்தாலும் கேஸ்கெட் அப்படியேதான் ஒழுகியிருக்கும். கடன் விண்ணப்பத்தை அவர்களே திரும்பப் பெற்றுக்கொண்டனர். கடன் வழங்குவதே தொழிலாகக் கொண்ட எங்களுக்கு இது இலக்கில் ஒரு குறைதான் என்றாலும், அந்தக் கோப்பை மூடியதில் வருத்தமில்லை.

மாதம் 600 ரூபாய்தானே என்று விட்டுவிடவும் முடியாது. நீரோடு குளோரினும் போகிறது. நிரப்ப ஊற்றும் ஆழ்துளைக் கிணற்று உப்புநீர் ஓடுகளில் வெண்படலமாகப் படிகிறது. அதைவிடக் கவலைக்குரியது, போன நீர் நிலத்தடியில் என்ன செய்கிறது என்பது. குழாயைச் சுற்றியுள்ள மண்ணை அது மெல்ல அரிக்கும். புணே, நாகபுரி போன்ற தக்காணப் பகுதிகளில் கரிசல் மண் ஈரத்தில் உப்பி, வறட்சியில் சுருங்கும் இயல்புடையது. அதன்மேல் எழுந்த வீட்டின் ஒரு பக்கம் மட்டும் ஆண்டு முழுவதும் நனைந்துகொண்டிருந்தால், சுவரிலும் நடைபாதையிலும் விரிசல் விழுவதற்கு அதுவே போதும். 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள ‘பாரத் கிருஹ ரக்ஷா’ வீட்டுக் காப்பீட்டில், நீர்த்தொட்டியும் குழாயும் வெடித்தோ வழிந்தோ ஏற்படும் சேதத்துக்கு இடமுண்டு. ஆனால் திடீரென வெடித்த குழாய் வேறு, ஆண்டுக்கணக்கில் சொட்டிய குழாய் வேறு. பின்னதற்கு இழப்பீடு கிடைக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம்.

கசிவைத் தேட இன்னொரு வழியும் பரவலாகச் சொல்லப்படுகிறது. பம்பை நிறுத்தி, நீரை இறங்க விட்டு, எந்த மட்டத்தில் அது நிற்கிறதோ அங்கே கசிவு என்று கொள்வது அது. வேகமாகக் கசியும் குளத்துக்கு இது சரி. நாளுக்கு 9 மில்லிமீட்டர் மட்டும் குறையும் மேற்கண்ட குளம் அரை மீட்டர் இறங்கி விளக்கின் மட்டத்தை அடைய ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும். அத்தனை நாள் யார் காத்திருப்பார்? பொறுமை இழந்து, ‘முழுவதும் இறைத்துவிட்டுப் பார்ப்போம்’ என்று தொடங்குவோர் உண்டு. இதில்தான் ஆபத்து இருக்கிறது.

வெறுமையான குளம் ஒரு படகைப் போன்றது. சுற்றியுள்ள நிலத்தடி நீர் குளத்தின் தளத்துக்கு மேல் ஒரு மீட்டர் உயரத்துக்கு நின்றால், தளத்தின் ஒவ்வொரு சதுர மீட்டரையும் ஒரு டன் விசையோடு மேல்நோக்கித் தள்ளும். இருபது சென்டிமீட்டர் தடிமனுள்ள கான்கிரீட் தளத்தின் எடையோ சதுர மீட்டருக்கு அரை டன்தான். குளத்துக்குள் நிற்கும் நீரே மேலிருந்து அழுத்தி அதை நிலைநிறுத்துகிறது. மும்பை, கோவா, கேரளக் கடற்கரை போன்ற இடங்களில் ஜூன் முதல் செப்டம்பர் வரை நிலத்தடி நீர் மிக மேலே வந்துவிடும். அப்போது குளத்தை இறைத்தால் தளம் வெடிக்கலாம். குளமே ஒரு பக்கமாகத் தூக்கிக்கொள்ளலாம். 600 ரூபாய்க் கசிவு அந்த நொடியில் உண்மையாகவே பல லட்ச ரூபாய்ச் சேதம் ஆகிவிடும். பொறியாளரின் எழுத்துபூர்வமான யோசனை இன்றி மழைக்காலத்தில் குளத்தைக் காலி செய்யவே கூடாது.

வாளியும் சாயமும் விடை தராதபோது நிபுணரை அழைக்க வேண்டியதுதான். அவர்கள் ஒவ்வொரு குழாயின் இரு முனைகளையும் ரப்பர் அடைப்பானால் அடைத்து, அழுத்தம் ஏற்றி, அழுத்தமானியின் முள் இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். இறங்கும் குழாயை நிலத்தின் மேலிருந்து ஒலிவாங்கியால் கேட்டு, ஓட்டை உள்ள இடத்தை ஓரிரு அடிக்குள் குறித்துத் தருவார்கள். அவ்விடத்தை மட்டும் தோண்டினால் போதும். சீரமைப்புக் கடன் கேட்டு வரும்போது இந்த அளவீடுகளையும் விண்ணப்பத்தோடு இணைத்துத் தந்தால், எங்கள் பக்கத்தில் ஒப்புதல் வேலை எளிதாகும். கசிவு எங்கே என்று குறிப்பிடாமல் ‘குளம் முழுமைக்கும்’ என்று மட்டும் எழுதிய மதிப்பீட்டை நாங்கள் திருப்பி அனுப்பவே விரும்புவோம்.

இனிமேல்தான் குளம் கட்டப் போகிறவர்களுக்கு ஒரு செய்தி. நீர்த்தேக்கக் கட்டுமானங்களுக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 3370, நிலத்தடித் தொட்டிகளுக்கு ஒரு சோதனையைச் சொல்கிறது. தொட்டியை நிரப்பி ஏழு நாள் அப்படியே விட வேண்டும். கான்கிரீட் உறிஞ்ச வேண்டியதை உறிஞ்சிக்கொள்ளும். அதன்பிறகு மேலும் ஏழு நாள், 24 மணி நேரத்துக்கு ஒருமுறை மட்டத்தை அளந்து பதிவுசெய்ய வேண்டும். ஓடு பதிக்கும் முன் இந்தச் சோதனையைச் செய்து காட்ட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதச் செய்யுங்கள். கட்டுமானத்தின் கடைசித் தவணையை அந்தப் பதிவேட்டின் நகல் கைக்கு வந்தபின் விடுவிக்கலாம். மொகஞ்சதாரோவின் பெருங்குளத்தைக் கட்டியவர்கள் செங்கல்லை நெருக்கமாக அடுக்கியதோடு நில்லாமல், நீர் கசியாதிருக்க நிலக்கீல் படலம் ஒன்றையும் சேர்த்தார்கள். நான்காயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கட்டுநருக்கு இருந்த கவலை இது.

எங்கள் வாசகர்களில் பெரும்பாலோர் வீட்டில் குளம் இராது, சம்ப் இருக்கும். அதற்கு வாளிகூட வேண்டாம், ஏனெனில் மூடிய தொட்டியில் ஆவியாதல் இல்லையென்றே சொல்லலாம். இரவு படுக்கும் முன் உள்வரும் குழாயை அடைத்து, மோட்டாரின் சுவிட்சை அணைத்து, ஒரு நீளக் குச்சியை அடிவரை விட்டு நனைந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் யாரும் குழாயைத் திறப்பதற்கு முன் மறுபடி அளவு பாருங்கள். மூன்று மீட்டருக்கு இரண்டு மீட்டர் சம்பில் குச்சியின் ஈரம் பத்து மில்லிமீட்டர் இறங்கியிருந்தால், அந்த இரவில் 60 லிட்டர் நிலத்துக்குப் போயிருக்கிறது.